மழைக்கு முன்னே தளிர்க்கும் மரம்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் காலத்தில் காக்ஸ் டவுன் தெருக்களில் ஒரே முறையீடு கேட்கிறது. காலையில் பெருக்கிய வாயில் பத்து மணிக்குள் மறுபடியும் சருகால் மூடிவிடுகிறது. வாயிற்புறத்துப் புங்கமரம் இலையெல்லாம் உதிர்த்து நிற்கக் கண்டு, "மரம் பட்டுப்போயிற்று, விழுவதற்குள் வெட்டிவிடுவது நலம்" என்று உரைப்போரும் உளர். இரண்டொரு வாரம் சென்றதும் அதே மரம் கிளைதோறும் பளபளக்கும் இளந்தளிர் போர்த்து நிற்கிறது. கார்த்திகைக்குப் பின் நல்ல மழை இல்லை. தரை வெடித்துக் கிடக்கிறது. குழாய்நீரும் நமக்கு முறைவைத்தே வருகிறது. மரத்துக்கு மட்டும் நீர் எங்கிருந்து கிடைத்தது? இவ்வினாவை அன்பர் ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டிருந்தார். நல்ல வினா. விடை சற்று நீண்டது.

வேம்பை எடுத்துக்கொள்வோம். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி இல்லாத தமிழ் இல்லம் ஏது? அண்டை வீட்டுக் கன்னட அன்பர்கள் உகாதியன்று வேம்பும் வெல்லமும் வழங்குகிறார்கள். இரு பெருவிழாக்களும் ஆண்டின் கடும் வெயிற்காலத்தில் வேம்பு புதுத்தளிரும் பூவும் ஈனும் என்னும் உறுதியின்மேல் நிற்கின்றன. நம் பாட்டிமார் இதனை வியந்ததில்லை, கண்டு பழகியிருந்தார்கள்.

மழையே மரத்தைத் தளிர்க்கச் செய்கிறது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தோர்க்கு அதனைச் சோதித்தறிய ஒரு வாய்ப்பு உண்டு. சென்னையிலும் அதனை அடுத்த கடற்கரை ஊர்களிலும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். இங்கோ ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. அதன் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரை பெய்துவிடுகிறது. இவ்வாறு மழைக்காலம் ஊருக்கு ஊர் வேறுபட்டும், புங்கும் வேம்பும் தளிர்ப்பது ஈரிடத்தும் ஏறத்தாழ ஒரே பருவத்தில்தான். ஆகவே மரம் பார்க்கும் நாட்காட்டி மழை மட்டும் அன்று.

பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் இதனைச் செய்தே பார்த்தார்கள். 1986ஆம் ஆண்டு தொடங்கி ஐந்து வறண்ட பருவங்களில், காட்டின் ஒரு பகுதிக்கு நீர் இறைத்து மண் உலராதபடி காத்தார்கள். நீர் குறையாதிருந்தும் பெரும்பாலான மர இனங்கள் வழக்கமான காலத்திலேயே இலை உதிர்த்தன. வேறு சில நாட்டுக் காடுகளை ஆய்ந்தவர்கள், தை மாசியில் பகற்பொழுது சிறிது சிறிதாக நீளுவதே பல மரங்களுக்குத் தளிர்க்கும் குறிப்பு என்று கண்டார்கள். பெங்களூரில் ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேற்றுமை ஒன்றரை மணி நேரமே. கடிகாரம் கட்டிய நாம் அதனை உணர்வதில்லை, மரம் உணர்கிறது.

குறிப்பு கிடைத்தாலும் நீர் வேண்டுமன்றோ? இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள. காற்றில் உள்ள கரிவளி அவற்றின் வழியே உட்செல்கிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாய் வெளியேறுகிறது. வெயில் மிகுந்தால் மரம் அத்துளைகளை மூடி நீரைக் காக்கும். பல திங்கள் உழைத்து முதிர்ந்த இலைக்கு அத்திறம் குறைந்துவிடுகிறது. மூடவேண்டிய வேளையில் சரியாக மூடாது. ஓட்டைக் குடத்தை எறிவதுபோல் மரம் அதனைக் கழித்துவிடுகிறது. இலை வீழ்ந்ததும் நீர்ச்செலவு ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆழத்தே சென்ற வேர் ஈரமண்ணிலிருந்து இழுக்கும் நீர் அடிமரத்தில் சேர்கிறது. வறட்சியில் மயிரிழையளவு சுருங்கியிருந்த அடிமரம், மழை ஒரு துளியும் வீழாதபோதே மீண்டும் பருப்பதை அளவுப் பட்டை கட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்நீரே மொட்டைப் புடைக்கச் செய்து தளிராக்குகிறது. நாம் சாவு என்று கண்டது மரத்தின் சிக்கனம்.

வேர் ஆழமில்லாத மரமும் ஈரம் சேராத மேட்டுநிலத்து மரமும் இவ்வாறு செய்ய இயலா. அவை மழைக்குக் காத்திருக்கும். தேக்கும் பெரும்பாலும் அவ்வாறே காத்திருப்பது.

இத்தனை இடர்ப்பட்டுக் கோடையில் தளிர்ப்பானேன்? ஒளிக்காக. ஆடி ஆவணியில் நீர் மிகுதி. ஆனால் வானம் நாள்தோறும் மூடிக்கிடக்கிறது. மாசி, பங்குனியில் வானம் தெளிவு. புது இலையே வெயிலை நன்கு பயன்படுத்தி உணவு சமைக்கும்; ஆகவே வெயில் மிகுந்த காலத்தில் அதனை விரிப்பது மரத்துக்கு ஊதியம். பனாமாவிலேயே மற்றொரு சோதனை செய்தார்கள். மழைக்காலத்தில் மேகம் மூடிய வேளையில், காட்டு மரத்தின் உச்சிக் கிளைகளுக்குமேல் பெரிய விளக்குகளைத் தொங்கவிட்டு ஒளி ஊட்டினார்கள். அக்கிளைகள் மற்றவற்றினும் மிகுதியாகக் கரிவளி உட்கொண்டு மிகுதியாக வளர்ந்தன. இம்முடிவு 2003இல் வெளியாயிற்று. மழை நாளில் மரத்துக்கும் ஒளிப்பஞ்சம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

நம் அருகிலேயே கண்டறிந்த செய்தி ஒன்று எமக்கு இன்னும் இனிக்கிறது. மைசூர் வழியாக உதகைக்குப் பேருந்தில் செல்வோர் பந்திப்பூரைக் கடந்ததும் தமிழ்நாட்டு முதுமலைக் காட்டினுள் நுழைவர். இந்நகரத்து இந்திய அறிவியல் கழகத்தார் அங்கே 1988, 89ஆம் ஆண்டுகளில் 50 ஹெக்டேர் பரப்பை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள இளமரம் முதலாக ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, அதன் வளர்ச்சியையும் சாவையும் கணக்கிட்டு வருகின்றனர். அக்கழகத்து முரளியும் சுகுமாரும் முதுமலை மரங்கள் தளிர்க்கும் காலத்தை ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். தளிர்ப்பு வறண்ட பருவத்தில் தொடங்கி, மழை வருமுன் உச்சம் அடைகிறது. இலைதின்னும் பூச்சிகளோ மழையோடுதான் பெருகுகின்றன. முந்தித் தளிர்த்த மரத்தின் இலை அதற்குள் முற்றிவிடுகிறது. பிந்தித் தளிர்த்தது மிகுதியாகக் கடிபடுகிறது. கோடைத் தளிர்ப்பில் இவ்வாதாயமும் உண்டு.

இனி, அன்பர் கேளாததையும் சொல்லிவிடுகிறோம். கோடைத் தளிருக்கு வேண்டிய நீர் முந்திய மழைக்காலத்தில் மண்ணுள் இறங்கிய நீரே. 2023இல் மழை பொய்த்தது. 2024 மார்ச்சில் இந்நகரில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்துநின்றதை எவரும் மறந்திரார். நம் தெருக்களிலோ அடிமரத்தை ஒட்டி விரல் நுழைய இடமின்றிச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். ஆடியில் பெய்யும் மழை அதன்மேல் ஓடிச் சாக்கடையில் வீழ்கிறது, வேருக்குச் சேர்வதில்லை. பின்பு பங்குனியில் தளிர் சிறுத்து வாடினால் நாமே மரத்தைக் குறை கூறுகிறோம். வாயில் துப்புரவாக இருக்கவேண்டும் என்னும் விருப்பம் நல்லதே. அதற்காக மரத்தின் கழுத்தை நெரிக்கவேண்டியதில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவேனும் மண் திறந்திருந்தால் போதும். உதிர்ந்த சருகை அங்கேயே இட்டால் ஈரமும் காயாது, பெருக்கும் வேலையும் குறையும்.

கிளை கழிப்போர்க்கும் ஒரு சொல். புதுத்தளிரை மரம் முன்பு சேமித்த மாவுப்பொருளைச் செலவிட்டே ஆக்குகிறது. அது விரிந்து உழைக்கத் தொடங்குமுன், மின்கம்பிக்கு இடையூறு இல்லாத கிளைகளையும் சேர்த்து மொட்டையடிப்பது, விதைநெல்லை முளைவிட்ட அன்றே பிடுங்குவதை ஒக்கும். மரத்தையே வெட்டக் கருதுவோர், 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அலுவலரின் இசைவு பெறவேண்டும். பட்டுப்போனதோ என்று ஐயுறுவோர் கிளைநுனியை நகத்தால் சிறிது கீறிப் பார்க்கலாம். பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் உண்டு; இரண்டு வாரம் பொறுக்கவும்.

தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலை மடிப்பதன் காரணத்தை அடுத்த திங்கள் எழுதுவோம்.