அது வெறும் கிக்டவுன் கம்பி இல்லீங்க!

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல ஆணி புடுங்கற ஆசாமி. கோவில்பட்டிக்காரன். டிரான்ஸ்ஃபர்ல மட்டாஞ்சேரி வந்து மூணு வருஷம் ஆச்சு. தங்கமணியும் பசங்களும் ஊர்ல, நான் இங்க ஒத்தை ரூம்ல. அதனால "கியர்பாக்ஸைப் பத்தி உனக்கென்னய்யா தெரியும்?"னு யாராவது கேட்டா, கேட்கறதுக்கு உரிமை இருக்கு. ஆனா ஒரு அருமையான கியர்பாக்ஸ் கருகிப் போனப்ப அந்த வண்டியோட முன் சீட்ல உட்கார்ந்திருந்தவன் நான். கருகினதுல எனக்கும் பங்கு உண்டு. அந்த யோக்கியதையில இதை எழுதறேன்.

பஜார் ரோட்டுல மிளகு, சுக்கு கோடவுன் வச்சிருக்கிற ஒரு இக்கா. நம்ம கிளையில கேஷ் கிரெடிட் வாடிக்கையாளர், ஞாயித்துக்கிழமையில என் ஒரே சிநேகிதர். அவரோட வாப்பா விட்டுட்டுப் போன வண்டி ஒண்ணு இருக்கு. 1972 டாட்ஜ் டார்ட். 318 கன அங்குல வி8 இன்ஜின், அதாவது நம்ம கணக்குல 5.2 லிட்டர். அமெரிக்காவுல 'மசில் கார்'னு கொண்டாடற டார்ட் 340 இன்ஜினோட கூடப் பிறந்த தம்பி. பின்னால டார்க்ஃப்ளைட் 904ங்கற மூணு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஸ்டார்ட் பண்ணினா பக்கத்து கோடவுன் சாக்கு மூட்டையெல்லாம் அதிரும்.

அந்த வண்டியோட பழைய கார்புரேட்டர் தேய்ஞ்சு போச்சு. மருமகன் துபாய்லேர்ந்து புதுசா நாலு வாய் கார்புரேட்டரும், அதுக்கேத்த மேனிஃபோல்டும் கொண்டு வந்தான். ஒரு ஒர்க்‌ஷாப்ல கொடுத்து மாட்டினாங்க. (எந்த ஒர்க்‌ஷாப்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.) மாட்டி முடிச்சப்ப ஒரு ராடு மிச்சம். கார்புரேட்டர் லீவர்லேர்ந்து கியர்பாக்ஸுக்குப் போற ராடு. புது கார்புரேட்டர் லீவர்ல அதை மாட்டறதுக்கான குமிழே இல்லை.

"சாரே, அது கிக்டவுன் மாத்ரம். இல்லெங்கிலும் வண்டி ஓடும்"னார் அங்கிருந்த ஆசான். 'அது கிக்டவுனுக்கு மட்டும்தான், இல்லாட்டியும் ஓடும்'ங்கறார். இக்கா என்னைப் பார்த்தார். நானும் எங்கேயோ ஒரு ஃபோர்டு மஸ்டாங் வண்டியைப் பத்திப் படிச்சதை வச்சு, பெரிய மேதாவி மாதிரி, "ஆமா இக்கா, சும்மா ஓட்டுங்க"ன்னேன்.

ரெண்டு மாசம் ஓடிச்சு. ஒரு நிக்காஹுக்கு ஆலுவா போற வழியில, மேட்டுல இன்ஜின் மட்டும் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது. ஓரம் கட்டி டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா, செக்கச்செவேல்னு இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துல, தீஞ்ச வாசனையோட. இக்கா ஒண்ணும் சொல்லலை. கல்யாணத்துக்கு ஆட்டோ பிடிச்சுப் போனோம். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணிச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். என் கட்சி இதுதான்: 'கிக்டவுன்'ங்கற பேரே அந்த ராடுக்கு வச்ச சூனியம். அந்தப் பேரை நம்பி அதைக் கழட்டச் சொல்றவன் யாரா இருந்தாலும் அந்த வண்டிக்கு எதிரி.

கிக்டவுன்னா என்ன? ஓவர்டேக் பண்ண ஆக்சிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சா கியர்பாக்ஸ் தானா ஒரு கியர் இறங்கும். அவ்வளவுதான். இதை மட்டும் கேட்டா, "நமக்கெதுக்குங்க அதெல்லாம், நாம என்ன ரேஸா ஓட்டறோம்"னுதான் யாருக்கும் தோணும். ஆனா கிரைஸ்லரோட டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸ்ல, அது பெரிய இன்ஜினுக்கான 727 ஆனாலும் சரி, சின்ன 904 ஆனாலும் சரி, அந்த ராடு செய்யற வேலையில கிக்டவுன்ங்கறது கடைசிக் கொசுறு. மிதி அடியைத் தொடற அந்தக் கடைசித் துளியில நடக்கறது. மிச்ச நேரமெல்லாம் அது செய்யற வேலை வேற: இன்ஜின் இப்ப எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு கியர்பாக்ஸுக்குத் தகவல் சொல்றது.

உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கறது ஆயில் அழுத்தம். இன்ஜின் முக்கி இழுக்கறப்ப அழுத்தம் அதிகம் வேணும், இல்லேன்னா தட்டு வழுக்கும். வழுக்கினா சூடு, சூடானா கருகல். அந்தக் காலத்து கிரைஸ்லர் சர்வீஸ் மேனுவல்படி, டி நிலையில கியர்பாக்ஸ் பக்கத்து லீவர் முன்னால இருக்கறப்ப லைன் பிரஷர் 54லேர்ந்து 60 பிஎஸ்ஐ. லீவர் பின்னால போகப் போக ஏறி, முழுக்கப் பின்னால போனா 90லேர்ந்து 96. அந்த லீவரை நகர்த்தறது எது? நீங்க குப்பையில போட்ட அதே ராடுதான்! ராடு இல்லேன்னா லீவர் முன்னாலேயே கிடக்கும். நீங்க மேட்டுல அடி வரைக்கும் மிதிச்சாலும், "முதலாளி சும்மா ஐடில்ல நிக்கறார் போல"ன்னு நினைச்சுக்கிட்டு கியர்பாக்ஸ் தட்டை லேசாப் பிடிச்சிருக்கும். போதாக்குறைக்கு ரெண்டாவது, மூணாவது கியரும் சீக்கிரமே விழும். ஏன்னா எப்ப கியர் மாத்தறதுன்னு அது முடிவு பண்றதே வண்டி வேகத்தையும் இந்த ராடு சொல்ற தகவலையும் எடை போட்டுப் பார்த்துத்தான்.

நம்ம பாஷையில சொல்றேன். கேஷ் கிரெடிட் வாடிக்கையாளர் மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கறார். அதைப் பார்த்து, மார்ஜின் கழிச்சு, டிராயிங் பவர் போடறோம். கோடவுன்ல லோடு லோடா மிளகு இறங்கிட்டே இருக்கு, ஆனா கிளைக்கு வர்ற ஸ்டேட்மென்ட்ல எப்பவும் 'ஸ்டாக் இல்லை'ன்னு இருந்தா எப்படி? பணம் வேண்டிய நேரத்துல லிமிட் கிடைக்காம வியாபாரம் படுத்துரும். அந்த ராடுதான் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். அதை 'கிக்டவுன் கம்பி'ன்னு கூப்பிடறது, ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை 'ஃபைல்ல வைக்கிற பேப்பர்'னு சொல்ற மாதிரி.

சரி, அப்ப "இல்லாட்டியும் ஓடும்"ங்கற புரளி எங்கேர்ந்து வந்துச்சு? அதுவும் முழுப் பொய் இல்லை, அதுதான் கொடுமை. ஃபோர்டோட சி4, சி6, ஜெனரல் மோட்டார்ஸோட டர்போ 350, டர்போ 400 இதெல்லாம் இன்ஜின் பாரத்தைத் தெரிஞ்சுக்கறது வேற வழியில: இன்டேக் மேனிஃபோல்டுலேர்ந்து வர்ற வேக்குவம் குழாய், அதோட முனையில மாடுலேட்டர்னு ஒரு டப்பி. அங்கே கிக்டவுன் ராடோ கேபிளோ நிஜமாவே கிக்டவுனுக்கு மட்டும்தான். டர்போ 400ல ராடுகூட கிடையாது, ஒரு மின்சார ஸ்விட்ச்தான். அந்த வண்டிக்காரன் கழட்டிட்டு ஓட்டினா கியர்பாக்ஸ் பிழைச்சுக்கும். அவன் சொன்ன யோசனையை டாட்ஜுக்கும் பிளைமவுத்துக்கும் அப்படியே தூக்கிட்டு வந்தா? அவ்வ்வ்... சர்க்கரை வியாதிக்காரர் மாத்திரையை பிரஷர்காரருக்குக் கொடுத்த கதைதான். நான் செஞ்சதும் அதேதான். (1982ல வந்த ஜிஎம் 700ஆர்4 வச்சிருக்கறவங்களும் உஷார், அங்கே இருக்கற கேபிளும் அழுத்தத்துக்கானதுதான்.)

இப்ப நம்மாளுங்க வழக்கமா சொல்ற சமாதானங்கள்.

"நான் ஆறு மாசமா ராடு இல்லாமத்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகலையே?" எந்தக் கடனும் கொடுத்த மறுநாளே வாராக்கடன் ஆகறதில்லை சாமி. தவணை விழுந்து 90 நாள் தாண்டினப்புறம்தான் நாங்க அந்த முத்திரையைக் குத்தறோம். நோய் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு. தட்டு ஒவ்வொரு மேட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா தேயறது உங்களுக்குக் கேட்காது.

"லீவரை முழுக்கப் பின்னால இழுத்து கட்டுக்கம்பியால கட்டிட்டா?" நடு ரோட்டுல தவிக்கறப்ப வீடு வந்து சேர அது ஒரு வழி, ஒத்துக்கறேன். தட்டு கருகாது. ஆனா ஒவ்வொரு கியரும் லேட்டா, முதுகுல அறைஞ்ச மாதிரி விழும். ஜூ டவுன் சந்துல ஆட்டோவுக்கும் டூரிஸ்ட்டுக்கும் நடுவுல அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பாருங்க.

"சரி, கட்டுக்கம்பியாலேயே கார்புரேட்டரையும் ராடையும் இணைச்சுட்டா?" இதுதான் எல்லாத்தையும் விட மோசம். ஒரிஜினல் ராடு முனையில நீளவாக்குல ஒரு துளை இருக்கும். எதுக்கு தெரியுமா? ராடு எங்கேயாவது சிக்கிக்கிட்டாலும், காலை எடுத்தா குமிழ் அந்தத் துளைக்குள்ள நகர்ந்து த்ராட்டில் மூடிக்கும். கம்பி போட்டு இறுக்கிட்டா? ராடு சிக்கினா த்ராட்டிலும் திறந்தே நிக்கும். 5.2 லிட்டர் இன்ஜின், பஜார் ரோடு, எதிர்ல உள்ளி மூட்டை ஏத்தின லாரி. மிச்சத்தை நீங்களே நினைச்சுக்கங்க.

ஆசானை மட்டும் திட்டறதுல நியாயம் இல்லைன்னும் சொல்லணும். இந்தியாவுல கிரைஸ்லர் வண்டி புதுசு இல்லை. வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பிச்ச பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாய் குர்லாவுல 1940கள், 50கள்ல டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ எல்லாம் பூட்டித் தந்தாங்க. ஆனா நம்ம மெக்கானிக்குகள் கை பழகினது கிளட்ச் மிதிச்சு ஸ்டியரிங் பக்கத்துல கியர் மாத்தற வண்டிகள்ல. ஆட்டோமேட்டிக் நம்ம ஊர்ல சாதாரண ஜனங்க கைக்கு வந்தது 2014ல மாருதி செலேரியோ ஏஎம்டி வந்ததுக்கு அப்புறம்தான்னு சொல்லலாம். அதுவும் சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்சை மட்டும் மெஷின் மிதிக்குது. ஆசானுக்கு டார்க்ஃப்ளைட்டை யார் சொல்லிக் கொடுத்தா? தெரியாதது குத்தமில்லை. தெரியாதுன்னு சொல்லாதது குத்தம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

வண்டி முதலாளிகளும் தப்பிக்க முடியாது. பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் லட்சக்கணக்குல கொட்டுவாங்க. ராடுக்கு ஒரு அடாப்டர் வாங்கச் சொன்னா மூஞ்சி சுருங்கும். 2021ல மத்திய அரசு 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 'விஏ' வரிசையில நம்பர் தர விதி கொண்டு வந்தப்ப, ஒரிஜினல் தன்மை மாறாம இருக்கணும்னு சொல்லுச்சு. அந்த நம்பர் வேணும்னு ஆசைப்படறவங்களே ஒரிஜினல் ராடைப் பழைய இரும்புக்குப் போடறாங்க. ஜூ டவுன்ல புது மரத்துக்குப் புகை போட்டு, 'பழசு'ன்னு வித்தா சிரிக்கறோம். இது மட்டும் என்னவாம்?

சரியா மாட்டறது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இக்கா வண்டியில நாங்க செஞ்சது இது:

1. கார்புரேட்டர் லீவர்ல கிரைஸ்லர் வண்டிக்கான அடாப்டர் போட்டோம். தேய்ஞ்ச புஷ் எல்லாம் புதுசு. குமிழ் எவ்வளவு உயரத்துல இருக்குங்கறது முக்கியம், ராடு எவ்வளவு தூரம் நகரும்னு அதுதான் தீர்மானிக்குது.

2. இன்ஜினைச் சூடாக்கி ஐடில் சரி பண்ணி, சோக் முழுக்கத் திறந்து, அப்புறம் ஆஃப். அடியில ஒருத்தர் கியர்பாக்ஸ் லீவரை முன்னால முட்டற வரைக்கும் தள்ளிப் பிடிக்கணும். அந்த நிலையில துளையோட விளிம்பு குமிழை இடைவெளி இல்லாம தொடற மாதிரி ராடு நீளத்தை வைக்கணும்.

3. ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுக்க மிதிக்கணும். (கார்புரேட்டரைக் கையால திறந்து பார்த்தா போதாது, பெடல் அவ்வளவு தூரம் திறக்குதான்னு தெரியாது.) த்ராட்டில் முழுக்கத் திறக்கறதும், கீழே லீவர் பின்னால முட்டறதும் ஒரே நேரத்துல நடக்கணும். லீவர் முன்னாடியே முட்டினா த்ராட்டில் முழுக்கத் திறக்காது. பின்தங்கினா அழுத்தம் குறையும்.

4. காலை எடுத்தா ஸ்பிரிங் இழுத்து எல்லாம் தானா பழைய இடத்துக்கு வரணும். வரலைன்னா வண்டியை வெளியே எடுக்காதீங்க.

5. கடைசியா பிரஷர் கேஜ் மாட்டி, மேல சொன்ன எண்ணைப் பார்த்துடுங்க. கண்ணை நம்பறதை விட கேஜை நம்பலாம்.

ஒரு ஞாயிறு மதியம் போதும். எங்களுக்கு ஆனது? கிளட்ச் தட்டு செட் அமெரிக்காவுலேர்ந்து வர ஆறு வாரம், அப்புறம் கியர்பாக்ஸை இறக்கி, பிரிச்சு, பூட்டி... செலவுல பாதி நான் தர்றேன்னு சொன்னேன். இக்கா வாங்கலை. "சாரே, நிங்ஙள் அறியாண்டு பறஞ்ஞதல்லே"ன்னார். தெரியாமத்தானே சொன்னீங்கன்னு அர்த்தம். ஆறுதலா சொன்னார். எனக்கு அதைவிடப் பெரிய திட்டு கிடைச்சதில்லை.

அந்தப் பழைய ராடு? ஒர்க்‌ஷாப் மூலையில பழைய இரும்பு டின்னுக்குள்ளேர்ந்து நானே தேடி எடுத்தேன். துரு தேய்ச்சு, எண்ணெய் போட்டு, இப்ப இருக்க வேண்டிய இடத்துல இருக்கு.

அடுத்த தடவை யாராவது உங்க டாட்ஜையோ பிளைமவுத்தையோ பார்த்து "அது வெறும் கிக்டவுன்தான்"னு சொன்னா, சிரிச்சுட்டே சாவியைத் திருப்பி வாங்கிட்டு வந்துருங்க.

பி.கு: தங்கமணி போன்ல கேட்டுட்டு, "ஊரான் வண்டி கம்பிக்கு இவ்வளவு பேசறீங்களே, நம்ம வீட்டு மோட்டார் வால்வு ஆறு மாசமா ஒழுகுதே"ன்னாங்க. அடுத்த லீவுல கவனிச்சுடறேன். ஹி ஹி.