பாலிடெக்னிக்கில் சேரும்போதே பி.இ.க்கும் திட்டம் போடணும்... அதை யார் சொல்லிக்கொடுப்பது?

"பத்தாவது முடிச்சு பாலிடெக்னிக் போனா, படிப்பு அதோட சரி. அப்புறம் வேலைதான்." மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி பக்கம் இப்படி நினைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மானாவாரி நிலத்தையோ தீப்பெட்டி ஆபீஸ் கூலியையோ நம்பியிருக்கும் வீட்டில் இது பெரிய முடிவு.

ஆனால், பாதை அதோடு முடியவில்லை. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதுதான் 'லேட்டரல் என்ட்ரி'. நுழைவுத்தேர்வு கிடையாது; டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து கவுன்சலிங் நடக்கிறது. ஏஐசிடிஇ விதிப்படி குறைந்தபட்சம் 45 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம்.

வருஷம் வீணாகுமா?

ஆகாது. பிளஸ் 2 வழியில் போனால் 2+4, மொத்தம் 6 ஆண்டுகள். டிப்ளமோ வழியில் 3+3, அதுவும் 6 ஆண்டுகள்தான். கூடவே, மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். வீட்டு நிலைமை சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம். வசதி குறைந்த குடும்பத்துக்கு இந்தப் பாதுகாப்பு ரொம்ப முக்கியம்.

அப்போ சிக்கல் எங்கே?

கணக்கில். இரண்டாம் ஆண்டில் நுழைபவர்கள், பி.இ. முதலாம் ஆண்டுக் கணிதத்தைப் படிக்காமலேயே மூன்றாம் செமஸ்டரில் உட்காருகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்கு அங்கே காத்திருப்பது 'டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்டு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்'. ஒர்க்‌ஷாப்பில் கெட்டிக்காரராக இருந்தவரும் இங்கே அரியர் வைக்க வாய்ப்பு அதிகம்.

வெவ்வேறு பின்னணியிலிருந்து வருபவர்களுக்குக் கணிதம், இயற்பியல், இன்ஜினீயரிங் டிராயிங் போன்றவற்றில் பிரிட்ஜ் கோர்ஸ் தர வேண்டும் என்று ஏஐசிடிஇ விதியே சொல்கிறது. ஆனால், கல்லூரியில் சேர்ந்த பிறகு, செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நடத்தினால் அது எந்த அளவுக்கு உதவும்? டிப்ளமோ கடைசி ஆண்டிலேயே, பி.இ. போக விரும்புபவர்களுக்கு மட்டும் இதைத் தொடங்கலாமே.

கலிஃபோர்னியா என்ன செய்கிறது?

அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது சகஜம். இந்தக் கல்லூரியில் படிக்கும் எந்தப் பாடம், அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதை 'அசிஸ்ட்' என்ற பொது இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். முதல் செமஸ்டரிலேயே மாணவர் திட்டம் போட முடிகிறது.

நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், தமிழில். எந்த டிப்ளமோ படித்தால் எந்த பி.இ. பிரிவு கிடைக்கும், எந்தப் பாடத்தைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது கவுன்சலிங் நேரத்தில் தெரிந்து பயனில்லை. பதினைந்து வயதில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே தெரிய வேண்டும்.

மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பாதை பிரிகிறது. எந்த ரயில் எங்கே போகும் என்று அங்கே போர்டு இருக்கிறது, அறிவிப்பும் வருகிறது. பாலிடெக்னிக் அட்மிஷன் கவுன்ட்டரிலும் அதேபோல் ஒரு பக்க அட்டவணை ஒட்டுவதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. அடுத்த அட்மிஷனுக்குள் அதைச் செய்யலாம்.

அதுவரை, பெற்றோர் விண்ணப்பம் வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தப் பிரிவு படிச்சா, எந்த பி.இ.க்குப் போகலாம்?"