ஒலிபெருக்கி உண்டு, ஒலிப்பதிவு எங்கே?

காஞ்சி மாநகரில் ஒலிபெருக்கிக்கு என்றுமே பஞ்சமில்லை. கோயில் திருவிழாவாயினும், கட்சிக் கூட்டமாயினும், காதணி விழாவாயினும் முதலில் வந்து இறங்குவது மைக் செட்டே. அறிஞர் அண்ணாவைப் பெற்ற ஊரில் மைக்கின் அருமையை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மைக்கின் முன் பாடியவர்கள், வாசித்தவர்கள், பேசியவர்கள் குரலெல்லாம் மறுநாள் எங்கே போயிற்று? காற்றில் பிறந்தது காற்றிலேயே கரைந்தது. இந்த இழப்பை நம் கல்லூரி மாணவர்களால் ஓரளவேனும் தடுக்க முடியும். அதற்கு வேண்டிய கருவியை நம் கையாலேயே கட்டவும் முடியும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

நம் ஊர் ஏற்கெனவே எதை இழந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) லயத்தில் இமயமென விளங்கிய சங்கீத வித்வான். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் அவருடைய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அக்காலத்தவர் அழைத்தனர். அவருடைய தாயாரின் உடன்பிறந்தவரான தனகோடி அம்மாளின் பாட்டு இசைத்தட்டில் பதிவாயிற்று. நயினாப் பிள்ளையோ இசைத்தட்டுக்குப் பாட விரும்பவில்லை என்பர். அவர் பாட்டைப் பற்றிப் பெரியோர் எழுதியதைப் படிக்கலாம். ஒரு வரியைக்கூடக் கேட்க முடியாது.

இன்று அத்தகைய கச்சேரி ஒன்று நடந்தால் அதை எப்படிப் பதிவு செய்வது? “கைப்பேசி இருக்கிறதே!” என்பார்கள் நண்பர்கள். கைப்பேசியில் உள்ள மைக் அருகில் இருப்பதை விழுங்கும். தொலைவில் இருப்பதைத் தவறவிடும். சிறிய ஒலியைத் தானே ஏற்றி, பெரிய ஒலியைத் தானே அமுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடும். நான் நெசவாளர் தெருவில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் தனித்தனியே ஓடுகின்றன. அதனால்தான் கரையின் நிறமும் உடலின் நிறமும் ஒன்றில் ஒன்று ஏறாமல் நிற்கின்றன. சாயத்தொட்டியில் ஒருமுறை கலந்த நிறங்களை எந்தச் சாயக்காரராலும் பிரிக்க முடியாது. ஒலியும் அப்படியே. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தனி வழி இருந்தால்தான் பின்னர் அமர்ந்து நிதானமாகச் சீர் செய்ய இயலும்.

இதற்கு நடுநாயகமாக நிற்பது முன்பெருக்கி. சாதாரண மைக் ஒன்று தரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பதிவுக்கருவிக்கோ ஏறத்தாழ ஒரு வோல்ட் வேண்டும். ஆகவே நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை பெருக்க வேண்டும். ஆனால் இரைச்சலைச் சேர்த்துவிடக் கூடாது. எங்கள் செவிலிமேட்டுச் சாலைக்கிணற்றிலிருந்து இராமானுசர் நாள்தோறும் வரதராசப் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. சிந்தாமல், கலங்காமல் கொண்டு சேர்க்கும் அப்பணிதான் முன்பெருக்கிக்கும்.

நானும் இயற்பியல் பயிலும் என் நண்பர்கள் இருவரும் சேர்ந்து எட்டு வழிகள் கொண்ட ஒரு முன்பெருக்கியைக் கட்டியிருக்கிறோம். உதிரிப் பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. தகரப் பெட்டி உள்ளூர்ப் பட்டறையில் வளைத்தது. முன்பலகையின் அகலம் 19 அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். உலகெங்கும் ஒலிப்பதிவு நிலையங்களில் வழங்கும் ரேக் அளவு இதுவே. எந்த ரேக்கிலும் திருகி நிறுத்தலாம்.

இதன் உள்ளே நடப்பது நம் பாடப்புத்தகத்துக்குப் புறம்பானதன்று. மைக்கிலிருந்து வரும் கம்பியில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்றில் ஒலியின் மின்னழுத்தம் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். வழியில் புகும் 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமலோ இரண்டிலும் ஒரே அளவாக ஏறும். முன்பெருக்கி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசையாதது போல உறுமல் அற்றுப்போகிறது. வீட்ஸ்டன் சமனச் சுற்றைக் கற்ற மாணவனுக்கு இது புதிதா என்ன? சமநிலை பிசகாமலிருக்க, எதிரெதிர் நிற்கும் மின்தடைகளை மீட்டரால் அளந்து இணை இணையாகப் பொறுக்கினோம்.

பெருக்கும் பணியை ஐ.என்.ஏ. 217 என்னும் ஐ.சி. செய்கிறது. ஒரே ஒரு மின்தடையை மாற்றினால் பெருக்கம் மாறும்: 100 ஓம் என்றால் ஏறத்தாழ நூறு மடங்கு, 10 ஓம் என்றால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தாட் 1510 என்பதும் இதே காலமைப்பு உடையது. ஒன்று கடையில் கிடைக்காவிடில் மற்றொன்றைப் பொருத்தலாம். சில வகை மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரத்தை ஒலி வரும் அதே கம்பியில் அனுப்ப வேண்டும். இம்முறை 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் செய்தது. இதற்கு 6.8 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு ஒவ்வொரு வழிக்கும் தேவை. மின்மாற்றியைத் தனிப் பெட்டியில் தள்ளி வைத்தோம். அதன் காந்தப்புலம் மைக்கின் மெல்லிய ஒலியைத் தீண்டக்கூடாது அல்லவா? பெட்டியின் உலோக உடலை நிலக்கம்பியுடன் இணைப்பது உயிர் காக்கும் விதி; அதில் சிக்கனம் கூடவே கூடாது.

“கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும்போது ஏன் இத்தனை பாடு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விலை குறையும் என்பதற்காக இதைக் கட்ட வேண்டாம்; பெரிதாகக் குறையாது. ஒலியை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குத் தரும் கருவியை எப்படியும் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் வாங்கிய பெட்டி பழுதானால் மூலையில் தூங்கும். கட்டிய பெட்டி பழுதானால் கட்டியவன் திறப்பான். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கையரும் அதைத் திறந்து பார்த்துக் கற்பார்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சுற்றை இணைத்து, அளவெடுத்து, மணியடித்ததும் பிரித்துப் போடுகிறோம். பிரித்துப் போடாத சுற்று ஒன்றாவது நம் கல்லூரியில் இருக்கட்டுமே!

இருந்தால் அதற்கு வேலை ஏராளம். கோடையில் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது. மேலே தொங்கும் மைக் இரண்டு, ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், டோலக், பின்பாட்டு, கூட்டத்தின் ஆரவாரம் – எட்டு வழியும் நிறைந்துவிட்டன! தறிக்குழியில் அமர்ந்து கோர்வை வாங்கும் முதியவரின் தறியோசையையும், வேலைக்கிடையே அவர் சொல்லும் தொழிற்சொற்களையும் தனித்தனியே பதியலாம். விசைத்தறியின் இரைச்சலுக்கிடையே அவ்வோசை நாளுக்கு நாள் மெலிந்து வருவதை எங்கள் தெருவிலேயே கேட்கிறேன்.

எனவே பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இது: இயற்பியல் துறை ஆண்டுதோறும் இத்தகைய கருவி ஒன்றைக் கட்டட்டும், தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் அதைத் தோளில் சுமந்து ஊருக்குள் செல்லட்டும், பதிவின் ஒரு படி நூலகத்திலும், ஒரு படி கலைஞரின் வீட்டிலும் இருக்கட்டும். கலைஞரின் இசைவு பெற்ற பின்னரே மைக்கை நீட்ட வேண்டும். நயினாப் பிள்ளையைப் போல ‘வேண்டாம்’ என்பாரை வற்புறுத்தும் உரிமை நமக்கில்லை. ஆனால் ‘பதிந்து வையுங்கள், தம்பி’ என்று ஒருவர் சொல்லும் நாளில், கருவி இல்லை என்று நாம் கைவிரிக்கலாகாது.