புல்லைக் கொஞ்சம் சும்மா விடுங்கப்பா

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அது ஒரு காரணம். எழுத ஒண்ணும் சிக்கலைங்கிறது உண்மையான காரணம் :-)

இன்னிக்குக் காலைல நடக்கப் போனப்ப சிக்கிடுச்சு. ஏப்ரல் ரெண்டாவது வாரம். எங்க நியூஜெர்சில பனியெல்லாம் போயி, ஃபார்சித்தியா செடி வேலியோரமா மஞ்சளாப் பூத்து நிக்குது. தெருவுல நாலு வீட்டு வாசல்ல உர மூட்டை. அஞ்சாவது வீடு நம்ம மதுரைக்காரர் ஒருத்தரோடது, போன வருஷம்தான் குடிவந்தார். வாசல்ல இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னுட்டு இருந்தார். "ஏங்க, புல்லு இப்படி செத்துக் கெடக்கே, உடனே ஏதாவது போட்டாகணும்ல?"ன்னார். "ஒண்ணும் போடாதீங்க"ன்னேன். என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. சரியான கஞ்சப்பயன்னு நினைச்சிருப்பார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வசந்தத்துல புல்லு பரிதாபமா நிக்குதுன்னா, பாதிக்கு மேல அது போன வருஷம் நாம செஞ்ச வேலை. அதுக்கு ஏப்ரல்ல உரம் கொட்டுறது, பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளைக்கு ரெண்டு டம்ளர் ஹார்லிக்ஸ் கொடுக்கிற மாதிரி. கொடுத்த நமக்குத் திருப்தி. அம்புட்டுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? எல்லாத் தப்பையும் வரிசையா, காசு கொடுத்துச் செஞ்சவன் நான். அந்தத் தகுதி போதும்.

2018-ல வீடு வாங்கினோம். அடுத்த ஏப்ரல்ல முன்வாசல் புல்லைப் பார்த்தா சொட்டைத் தலை மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சு. அந்த நேரம் ஊர்லேர்ந்து அப்பா வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் நாப்பது வருஷம் நெல்லு விவசாயம் பண்ணினவர். குனிஞ்சு ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துட்டு, "தழைச்சத்து இல்லடா தம்பி, யூரியா போடு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார். அவர் சொன்னா அப்பீல் ஏது? அரை மணி நேரம் காரோட்டிப் போயி, பண்ணைச் சாமான் விக்கிற கடைல ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தேன். மறுநாள் காலைல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, வயல்ல வீசுற மாதிரி கையாலயே வீசினார். எதிர் வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா காபி கோப்பையோட நின்னு வேடிக்கை பார்த்தார். எனக்கு ஒரே பெருமை.

பத்து நாள்ல தெரிஞ்சுது விஷயம். அப்பாவோட கை வீச்சு அப்படியே புல்லுல படமா வந்திருச்சு! கரும்பச்சையா அரைவட்டம் அரைவட்டமா. பிடி கனமா விழுந்த இடமெல்லாம் கருகி, வைக்கோல் நிறத்துல கிடந்துச்சு. வயல்ல தண்ணி நிக்கும், யூரியா கரைஞ்சு பரவிடும். இங்க பனி ஈரத்துல இலை மேலேயே ஒட்டிக்கிட்டு எரிச்சிருச்சு.

பின்னாடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் சதுர அடி வாசலுக்குப் பத்துப் பவுண்டு யூரியா. அதுல 46 சதவீதம் தழைச்சத்து, ஆக 4.6 பவுண்டு. நியூஜெர்சில 2011-ல ஒரு உரச் சட்டம் கொண்டு வந்தாங்க. புல்லுக்குப் போடுற உரமெல்லாம் மழையில ஓடி, பார்னகட் வளைகுடால பாசி மண்டிப் போச்சுன்னு எழுந்த பிரச்சினையில வந்த சட்டம் அது. அதுப்படி ஆயிரம் சதுர அடிக்கு ஒரு தடவைக்கு 0.9 பவுண்டுதான் தழைச்சத்து போடலாம். வருஷம் முழுக்கச் சேர்த்தே 3.2. எங்கப்பா ஒரே காலைல ஒன்றரை வருஷக் கோட்டாவை முடிச்சிட்டார். ஹி ஹி.

அப்பாவைக் குத்தம் சொல்ல எழுதலை. அவர் காலத்துல யூரியாதான் சோறு போட்டுச்சு. ஆனா நம்ம டெல்டால நடக்கிறதும் இதேதாங்க. பக்கத்து வயல் கரும்பச்சையா நின்னா நம்மாளுக்குத் தூக்கம் வராது, இன்னொரு அரை மூட்டை வீசிட்டு வந்தாத்தான் ஆகும். அப்புறம் பயிர் சாயும், இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் வரும், மருந்துக்குச் செலவு. அதனாலதான் இலை வண்ண அட்டைன்னு ஒண்ணைக் கையில கொடுத்து, "இலையை இதோட ஒப்பிட்டுப் பாரு, வெளிறி இருந்தா மட்டும் போடு"ன்னு விவசாயத் துறைல சொல்றாங்க. பச்சை ஜாஸ்தியானா பலம் ஜாஸ்தின்னு நம்புறது ரெண்டு ஊர்லயும் ஒரே வியாதி.

2020-ல அடுத்த கூத்து. ஒரு புல் கம்பெனி ஆளு கதவைத் தட்டினார். பேரெல்லாம் வேண்டாம். அஞ்சு தவணை மருந்து, புல்லு கார்ப்பெட் மாதிரி வரும்னார். கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல்ல முதல் தவணை தெளிச்சிட்டுப் போனாங்க. அதே வாரம் நான் நாப்பது டாலருக்குப் புல் விதை வாங்கித் திட்டுலயெல்லாம் தூவி, ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். ஒரு மாசம். ஒரு முளை? ம்ஹூம். முதல் தவணைல அவங்க தெளிச்சது கிராப்கிராஸ் முளைக்காம இருக்கிறதுக்கான மருந்து. மண்ணோட சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட் கிட்ட வந்தா கிராப்கிராஸ் விதை முளைக்க ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி போடுவாங்க. அந்த மருந்துல பெரும்பாலானதுக்குக் களை விதை எது, காசு கொடுத்து வாங்கின விதை எதுன்னு வித்தியாசம் தெரியாது. வந்த ஆளும் சொல்லலை, நானும் கேக்கலை. அந்த வருஷம் தங்கமணி என்னைக் கேட்ட கேள்வியை இங்க எழுத முடியாது.

சரி, நிஜமான காரணம் என்னன்னு பார்த்தா, வெக்கமா இருக்கு, புல் வெட்டுற மிஷின்தான். மாசத்துக்கு ரெண்டு தடவை வெட்டினாப் போதும்னு ஒட்ட ஒட்ட ஒன்றரை அங்குலத்துல வெட்டிட்டு இருந்தேன். நம்ம ஊர் சலூன்ல "சம்மர் கட்"னு சொல்லுவோமே, அது. எங்க ஏரியால இருக்கிறது கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரை கிராஸ்னு குளிர்காலப் புல் வகைங்க. (கென்டக்கி புளூகிராஸ் நீலமும் இல்லை, கென்டக்கியும் இல்லை. ஐரோப்பாலேர்ந்து வந்த சரக்கு.) இதுகளுக்கு இலைதான் சமையக்கட்டு. இலையை மொட்டையடிச்சா வேருக்குச் சோறு இல்லை. வேர் மேலாக நின்னுடும், ஜூலை வெயில்ல காயும், வெறும் மண்ணுல வெளிச்சம் பட்டு கிராப்கிராஸ் ஜம்முனு கிளம்பும். ஏப்ரல்ல பார்த்தா சொட்டை. வசந்தத்துல தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட இதே கதி. இலை மடமடன்னு வளரும், வேர் பின்தங்கிடும்.

எதிர் வீட்டுத் தாத்தாதான் ஒரு நாள் தெருவைத் தாண்டி வந்து, ஒரு வார்த்தை பேசாம என் மிஷினோட சக்கரத்து லீவரை ரெண்டு பல்லு மேல தள்ளி விட்டுட்டுப் போனார். மூணரை அங்குலம். இன்னிக்கு வரைக்கும் அதை இறக்கலை.

2021-லதான் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இங்க ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல ஆய்வகம் இருக்கு. ஏழெட்டு இடத்துல தோண்டி, கலந்து, அனுப்ப வேண்டியதுதான். பி.எச். 5.4ன்னு வந்துச்சு, புளிப்பு மண்ணு. மணிச்சத்து ஏற்கனவே போதுமான அளவு. அதாவது ரெண்டு வருஷமா நான் போட்ட எதுவும் அதுக்குத் தேவையில்லை. கேட்டது சுண்ணாம்பு! அதுவும் போட்டவுடனே வேலை செய்யாது, மாசக்கணக்குல ஆகும். போட்டேன், காத்திருந்தேன்.

மதுரைக்காரர் இதைப் படிச்சார்னா, அவர் இந்த மாசம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மண்ணு சொதசொதன்னு இருக்கிறப்ப மேல நடக்காதீங்க, இறுகிடும். காய்ஞ்சதும், படுத்துக் கிடக்கிற புல்லை வாருகோலால லேசா வாரி விடுங்க. பனிக்கடியில பூஞ்சை பிடிச்சு வட்டமா வெளுத்திருந்தாலும் காத்துப் பட்டாப் பெரும்பாலும் தானே தேறிடும். மிஷின் பிளேடைச் சாணை பிடிங்க. மழுங்கின பிளேடு வெட்டாது, கிழிக்கும், நுனியெல்லாம் பழுப்பாத் தெரியும். ஒரு தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. வெட்டின புல்லை அள்ளிப் பையில கட்டாம அங்கேயே விடுங்க, வருஷத்துக்கு வேண்டிய தழைச்சத்துல கால் பங்கு வரைக்கும் அதுவே கொடுத்திடும். உரம் போட்டே ஆகணும்னா மே கடைசில, மெதுவாக் கரையுற வகையில கொஞ்சம்.

விதிவிலக்கும் உண்டு, மறைக்கலை. டிரைவ்வே ஓரமாக் கருகி இருந்தா அது உப்பு போட்ட வேலை, நல்லாத் தண்ணி விட்டுக் கழுவணும். புல்லைப் பிடிச்சு இழுத்தா பாய் மாதிரி சுருண்டு வந்துச்சுன்னா அடியில வெள்ளைப் புழு இருக்கு. அதுல ஜப்பானிய வண்டோட புழுவும் ஒண்ணு. அமெரிக்காவுல அந்த வண்டை முதல்ல கண்டுபிடிச்சதே 1916-ல நம்ம நியூஜெர்சில, ரிவர்ட்டன்ல. அந்தப் பெருமையும் நமக்குத்தான். அப்புறம் வெறும் மண்ணாக் கிடக்கிற இடம். அதுக்கு விதை வேணும்தான், ஆனா ஆகஸ்ட் பாதிலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைதான் நல்ல நேரம். இப்பப் போட்டா வேர் பிடிக்கிறதுக்குள்ள வெயில் வந்திடும். வாசல்ல மண்ணாவே இருக்கட்டும், அஞ்சு மாசம்.

அந்த அஞ்சு மாசம்தாங்க கஷ்டம். அதை நான் ஒத்துக்கிறேன். தெருவுல எல்லா வாசலும் பச்சையா இருக்கிறப்ப நம்ம வாசல் மட்டும் திட்டுத் திட்டா இருந்தா, "அந்த இந்தியன் வீடு"ன்னு சொல்லுவாங்களோன்னு மனசுக்குள்ள ஒரு அரிப்பு. யாரும் ஒரு தடவை கூட அப்படிச் சொன்னதில்லை. ஆனா யூரியா வாங்கினதும், கையெழுத்துப் போட்டதும் அந்த அரிப்புலதான். 2005-ல செயற்கைக்கோள் படங்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. அமெரிக்காவுல புல்வெளி மட்டும் சுமார் 1,63,000 சதுர கிலோமீட்டர் இருக்கும்னு ஒரு மதிப்பீடு. நம்ம தமிழ்நாடே 1,30,000தான். அதுல எத்தனை வாசல்ல உரம் கொட்டுறது புல்லுக்காக, எத்தனை வாசல்ல எதிர் வீட்டுக்காகன்னு யாராவது ஆய்வு பண்ணினாத் தேவலை.

அந்த மூணு இலைத் தீவனப் புல்லு, குளோவர், அதையும் நான் இப்ப விட்டுட்டேன். ஒரு காலத்துல புல் விதையிலேயே அதையும் சேர்த்துத்தான் வித்தாங்க, காத்துலேர்ந்து தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டு வருதுன்னு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் 2,4-டி களைக்கொல்லி வந்துச்சு, அது குளோவரையும் சேர்த்துக் கொன்னுது, அப்பலேர்ந்து அதுவும் களை ஆயிடுச்சு. என் பொண்ணுக்கு அதுல நாலு இலை தேடுறதுதான் இப்ப முழுநேர வேலை.

போன வாரம் அப்பா போன்ல கேட்டார், "வாசல்ல புல்லு எப்படிடா இருக்கு?" வீடியோல காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "கொஞ்சம் வெளுப்பா இருக்கே, ஒரு கை யூரியா..."ன்னு ஆரம்பிச்சார். சிக்னல் சரியில்லப்பான்னு வச்சிட்டேன்.

உங்க வீட்டு மிஷின் எத்தனை அங்குலத்துல நிக்குது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. ஒன்றரைன்னு சொன்னா கும்மிதான்.