தேயிலை மலையில் கித்தார் ஓசை ஓய்ந்தது ஏன்?

கேமரன் மலைத் தோட்டத்து இளையோர் ஒருவரின் கைப்பேசியில் இருக்கும் பாடல் பட்டியலைப் பாருங்கள். அனிருத் இருப்பார், யோகி பி இருப்பார், கொரியக் குழு ஒன்றும் இருக்கும். ராக் பாடல் ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ கேட்டுப் பழகிய பழைய மலாய் ராக் பாடலாகத்தான் இருக்கும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ரசனை மாறிவிட்டது" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடலாம். ஆனால் ரசனை தானாக மாறுவதில்லை. ராக் இசை பின்தங்கியதற்குப் பின்னால் இடம், பணம், ஆள் என்ற மூன்று கணக்குகள் இருக்கின்றன. அவை நம் தோட்டங்களின் கணக்கும்கூட.

உலக நிலவரம்

அமெரிக்க இசைச் சந்தையில் ஹிப் ஹாப், ஆர் அண்ட் பி வகைப் பாடல்கள் முதன்முறையாக ராக் இசையை முந்தியது 2017-இல் என்று நீல்சன் நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. 2018-இல் சொல்லிசைக் கலைஞர் கென்ட்ரிக் லாமர் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார். அதே ஆண்டு, புகழ்பெற்ற கிப்சன் கித்தார் நிறுவனம் கடன் சுமை தாங்காமல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

இதோடு கதை முடியவில்லை. 2020-இல் பெருந்தொற்று எல்லாரையும் வீட்டுக்குள் அடைத்தபோது, மற்றொரு பெரிய கித்தார் நிறுவனமான ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே அதிக விற்பனை கண்ட ஆண்டாக அதை அறிவித்தது. கித்தார் மீதான ஆசை மக்களிடம் அப்படியே இருக்கிறது. நலிந்தது நான்கைந்து பேர் ஒன்றுகூடி வாசிக்கும் பேண்டுதான்.

நம் நாட்டு ராக்

1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் கோலாலம்பூருக்கு வந்து பாடிய பிறகு, நாடெங்கும் 'குகிரான்' எனப்பட்ட கித்தார் குழுக்கள் முளைத்தன. பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் முன்நின்ற அலிகேட்ஸ் குழு மலாய்ப் பாடல்களால் நாடறிந்த குழுவானது. 1980-களில் ஜொகூரிலிருந்து வந்த சர்ச் குழுவும், விங்ஸ் குழுவும் 'ராக் கபாக்' அலையைக் கிளப்பின. சர்ச் குழுவின் 'இசபெல்லா' பாடல் 1989-இல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. நீளமுடி வைத்த பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று 1992-இல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் தடை போட்டார். அரசாங்கமே கவலைப்படும் அளவுக்கு ராக் இசைக்கு அன்று செல்வாக்கு இருந்தது.

இந்த வரலாற்றில் நம்மவர்கள் இருந்தார்கள், நம் மொழிதான் குறைவாக இருந்தது. மேடையில் தமிழ் வேண்டுமென்றால் சினிமாப் பாட்டு, ராக் வேண்டுமென்றால் மலாயோ ஆங்கிலமோ. தோட்டத்துப் பையன் ராக் பாட வேண்டுமானால் வீட்டில் பேசும் மொழியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

பேண்டுக்கு என்ன வேண்டும்?

ஒரு பேண்டுக்கு இரண்டு கித்தார், ஒரு பேஸ், டிரம்ஸ், ஒலிபெருக்கிகள் வேண்டும். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தோட்டச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் நல்ல டிரம் செட் ஒன்றை வாங்க எத்தனை மாதம் சேமிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மலையின் ஈரக்காற்றில் கித்தார் கம்பிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும், மரமும் ஊதிக்கொள்ளும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில், விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பக்கத்து வீட்டு அக்காவை வைத்துக்கொண்டு இரவில் டிரம்ஸ் அடிக்கவும் முடியாது. மண்டபம் கிடைத்தால்தான் பயிற்சி.

இவற்றைவிட முக்கியம் ஆள். நான்கு பேர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால்தான் பேண்டு நிலைக்கும். 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து பல தலைமுறைகளாக இந்த மலையில் தமிழர்கள் உழைத்தார்கள். இன்று பிள்ளைகள் ஐந்தாம் படிவம் முடித்ததும் ஈப்போ, கிள்ளான் பள்ளத்தாக்கு, சிங்கப்பூர் என்று இறங்கிவிடுகிறார்கள். கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் பெருகிவிட்டார்கள். டிரம்ஸ் அடிப்பவர் சிங்கப்பூரிலும் கித்தார் வாசிப்பவர் ஷா ஆலாமிலும் இருந்தால் பேண்டு எப்படி நிற்கும்?

தமிழோடு வந்த சொல்லிசை

இந்த நேரத்தில்தான் சொல்லிசை வந்தது. 1990-களில் போயட்டிக் அம்மோ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிய யோகி பி, 2006-இல் நட்சத்திரா குழுவினருடன் 'வல்லவன்' தொகுப்பைத் தமிழில் வெளியிட்டார். 'மடை திறந்து' என்ற இளையராஜாவின் பழைய பாட்டின் மேல் மலேசியத் தமிழ் இளைஞர்களின் குரல் ஏறியது. தமிழ்நாட்டுத் திரையுலகமும் அவரை அழைத்தது. 2017-இல் 'விவேகம்' படத்தில் அனிருத் இசையில் அவர் குரல் ஒலித்தது.

சொல்லிசைக்கு வேண்டியது ஒரு கைப்பேசி, ஒரு தாளம், சொல்ல ஒரு சேதி. தமிழ்ப்பள்ளியில் படித்த எதுகையும் மோனையும் அங்கே கைகொடுக்கின்றன. லயத்து வீட்டில் பக்கத்து அறையில் தம்பி தூங்கும்போதும் மெல்லிய குரலில் எழுதிப் பாடிப் பார்க்கலாம். பட்டணத்து வாடகை அறையில் தனியாக இருந்தாலும் முடியும். சிதறிப்போன ஒரு தலைமுறைக்கு ஏற்ற இசை அது.

உறுமி மட்டும் எப்படி நிலைத்தது?

இங்கே ஒரு கேள்வி எழும். கூட்டமாக வாசிக்கும் இசை எல்லாமே இந்தக் கணக்கில் அழிந்திருக்க வேண்டுமே? உறுமி மேளக் குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கும் ஆள் வேண்டும், கருவி வேண்டும், பயிற்சி வேண்டும். பட்டணத்துக்குப் போன பையன்கூடத் திருவிழாவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உறுமியைத் தோளில் மாட்டுகிறான்.

காரணம், உறுமிக்குப் பின்னால் கோயில் இருக்கிறது. நாள் குறித்து அழைக்கிறது, இடம் தருகிறது, சன்மானமும் தருகிறது. கொரிய பாப் குழுக்களுக்குப் பின்னால் பயிற்சி கொடுத்துப் பணம் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. சொல்லிசைக்கு யாரும் தேவையில்லை. நம் ஊர் ராக் பேண்டுக்கோ நான்கு பேரும் தேவை, அந்த நான்கு பேரையும் அழைக்க ஓர் அமைப்பும் இல்லை. அது ஓய்ந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இதில் நமக்கென்ன?

ராக் போனால் போகட்டும், சொல்லிசைதான் இருக்கிறதே என்று கேட்கலாம். சொல்லிசை நமக்குத் தந்தது பெரியது. 2021-இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலுக்குள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அறிவின் பாட்டியின் வாழ்க்கை இருக்கிறது. உலகமே அதைக் கேட்டது. அதே கொழுந்து, அதே கூடை நம் மலையிலும் உண்டு. அந்தக் கதையை நம் பேரப்பிள்ளைகளும் பாட முடியும்.

ஆனால் அறிவு தனி அறையிலிருந்து மட்டும் வந்தவர் அல்லர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் துணைநிற்க, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். அந்தக் குழுவில் கானா, சொல்லிசை, பறை, ராக் கித்தார் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. ஓர் அமைப்பு இடம் கொடுத்ததால் அது நடந்தது.

தனியாகப் பாடுபவன் தன் கதையைச் சொல்வான். நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது, ஒருவன் தாளம் தவறினால் மற்றவன் பிடித்துக் கொடுக்கிறான். பிள்ளைகள் கலைந்துபோகும் தோட்டங்களுக்கு அந்தப் பழக்கம் அதிகம் தேவை.

செய்யக் கூடியவை சிறியவைதான். உறுமிக்கு நாள் குறிக்கும் கோயில் நிர்வாகம், திருவிழா இரவில் உள்ளூர்ப் பிள்ளைகளின் பேண்டுக்கும் சொல்லிசைக்கும் அரைமணி நேரம் ஒதுக்கலாம். பூட்டிக் கிடக்கும் தோட்ட மண்டபத்தின் சாவியை வாரம் ஒரு மாலை அவர்களிடம் கொடுக்கலாம். அந்தக் கால பேண்டுகளின் ஒலிநாடாக்கள் யார் வீட்டிலாவது இருந்தால், மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் முன் அவற்றைக் கணினியில் ஏற்றி வைக்கலாம். அந்த இசையின் மேல் இன்றைய பிள்ளைகள் தங்கள் சொற்களை ஏற்றட்டும். இளையராஜாவின் பாட்டின் மேல் யோகி பி செய்ததும் அதுதானே!