நாயை விட்டுவிட்டு வா என்றால், எங்கே விடுவது?

கோலாலம்பூர் கடைத்தெருக்களின் ஐந்தடிப் பாதைகளில் இரவைக் கழிப்போர் சிலரின் அருகில் ஒரு நாயோ பூனையோ சுருண்டு படுத்திருக்கும். தொண்டர்கள் தரும் சோற்றுப் பொட்டலத்தில் ஒரு பங்கு அதற்கும் போகும். “தன் வயிற்றுக்கே வழியில்லை, இதில் நாய் வேறா?” என்று கேட்டுவிட்டுக் கடந்து போவது எளிது. ஆனால், உறவுகள் விலகிய பிறகும் கூடவே இருப்பது அந்த உயிர்தான். இரவில் துணிமூட்டைக்குக் காவலும் அதுதான்.

உதவி வரும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது. தலைநகரில் வீடற்றோருக்கு ஜாலான் பகாங் இடைத்தங்கல் மையம் போன்ற இடங்கள் உண்டு. அவை மனிதர்களை மட்டும் மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டவை. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின் கீழ், நீதிமன்ற ஆணையுடன் ஒருவரை 3 ஆண்டுகள் வரை நல இல்லத்தில் வைத்திருக்கலாம். அவரோடு இருந்த நாயின் கதி என்ன? உரிமமின்றித் தெருவில் திரிந்தால் ஊராட்சி மன்றம் பிடித்துச் செல்லும்.

மறுபுறம், 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டப்படி, ஒரு பிராணியைத் துன்பப்படும்படி கைவிடுவது குற்றம். அபராதம் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை. 3 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. கூரை வேண்டுமென்றால் நாயை விட வேண்டும். விட்டாலோ சட்டம் பாயும். இந்த நிலையில் மையத்துக்கு வர மறுப்பவரைப் ‘பிடிவாதக்காரர்’ என்பது நியாயமாகாது.

நம் சமூகத்துக்கு இந்த வலி புதிதல்ல. தோட்டங்கள் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, லயத்து வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் வாசலில் கிடந்த நாயை விட்டுவிட்டுத்தான் லோரி ஏறின.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019இல் 50 லட்சம் டாலர் ஒதுக்கி, வீடற்றோர் தங்குமிடங்களில் பிராணிகளுக்குக் கூண்டு, தீவனம், அடிப்படை மருத்துவம் ஆகியவற்றுக்கு உதவியது. இங்கே அவ்வளவு பணம்கூட வேண்டாம். மையத்தின் பின்புறம் நாலு கூண்டு, இலவசத் தடுப்பூசி, கருத்தடை, உரிமையாளர் மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் பிராணியைப் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டர் பட்டியல். அன்னதானம் செய்யும் நம் ஆலயங்களும் இயக்கங்களும் கடைசி இரண்டையாவது தொடங்கலாம்.

தெருவிலிருந்து ஒருவரை மீட்க வேண்டுமானால், அவர் கையில் பிடித்திருக்கும் கயிற்றின் மறுமுனையையும் சேர்த்தே மீட்க வேண்டும்.