மாலை கழற்றிய பிறகு எங்கே போவது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற எங்களிடம் தாய்மார் கேட்கிற ஒரு கேள்விக்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. "சேர், அவரு விடணும்னுதான் சொல்றாரு. கூட்டிக்கிட்டுப் போக இங்க ஏதும் எடம் இருக்கா?" பசறைப் பக்கமும் கேட்கிறார்கள், மடுல்சீமைப் பக்கமும் கேட்கிறார்கள். சம்பளம் போட்ட மறுநாள் வரவு இடாப்பைப் பார்த்தாலே எந்த வீட்டில் இரவு என்ன நடந்தது என்று எங்களுக்கு விளங்கிவிடும்.

வைத்தியம் இல்லை என்று சொல்ல முடியாது. பதுளை போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்துடன் பேசலாம். மருந்து முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கிழமைக்கு ஒருமுறை உட்கார்ந்து பேச, தமிழில் ஒரு குழு வேண்டும். அதைத்தான் தேடுகிறோம்.

எங்கள் ஆட்களுக்குக் குடியை நிறுத்தத் தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். கோயிலில் கயிறு கட்டியவரும் இருக்கிறார். நம்ம பக்கத்திலும்தான், ரமழான் முப்பது நாளும் சுத்தமாக இருந்துவிட்டு, பெருநாள் முடிந்ததும் பழைய இடத்துக்குப் போகிறவர்களை நமக்குத் தெரியாதா? "எங்க ஆக்கள்ல அப்படி ஒருத்தரும் இல்ல" என்று ஜமாஅத்தில் சொல்வது வாய்க்கு லேசு. அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆக, நிறுத்துகிற பலம் இருக்கிறது. மாலை போட்டால் சாமிமார் சுற்றி நிற்கிறார்கள், நோன்பென்றால் ஊரே சேர்ந்து பிடிக்கிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் அந்த மனிதர் தனியாள். சந்தியில் நிற்கிற பழைய கூட்டாளி மட்டும் அப்படியே நிற்கிறான்.

இடையில் ஒன்று. பல வருடமாகத் தினமும் குடித்தவர் யாருக்கும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் தடுமாறிப் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்கள்தான் மோசம். நேர்த்தி வைப்பவர்களும் முதலில் டொக்டரைக் காணட்டும். வேலை நாட்டத்தில் "கசிப்புத்தானே, விட்டா சரி" என்று விட்டுவிடாதீர்கள்.

1935இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரில் குடியால் சீரழிந்த இரண்டு பேர், ஒருவர் பங்குத் தரகர், மற்றவர் டொக்டர், ஒருவரோடொருவர் பேசித் தொடங்கியதுதான் 'ஏ.ஏ.' என்கிற அமைப்பு. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை, குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் தனியாக 'அல்-அனொன்' வந்தது. எங்களைக் கேட்டால் தோட்டத்துக்கு அதுதான் முதலில் வேண்டும். கொழுந்து பறித்துவிட்டு வந்து அடியும் வாங்குகிற பெண் யாரிடம் போய்ப் பேசுவாள்?

அமெரிக்கா தூரம் என்றால் தமிழ்நாட்டைப் பாருங்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். சென்னைக்கு வர வசதியில்லாத கிராமத்து ஆட்களுக்காக, 1989 முதல் மஞ்சக்குடி போன்ற ஊர்களுக்கே போய் முகாம் போட்டார்கள். குடும்பத்தையும் சேர்த்தே உட்காரவைத்தார்கள். மஞ்சக்குடி ஒன்றும் பெரிய பட்டணம் இல்லை.

இங்கே உள்ள சிக்கல் லயம்தான். ஒரு காம்பராவில் தும்மினால் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். தோட்டத்துக்குள் கூட்டம் வைத்தால் யார் போனார், யார் வந்தார் என்று அன்றைக்கே மலையில் கதை ஓடும். அதனால் பதுளை டவுனில் வைப்பதே சரி என்று நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, சாமான் வாங்க வருகிற நேரத்தில், ஒரு மணித்தியாலம். டவுனுக்கு வருகிறவரை யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். பள்ளிவாசலிலோ கோயிலிலோ வேண்டாம். வெட்கப்படுகிற மனிதர் அந்த வாசலை மிதிக்கமாட்டார். பரிபாலன சபையும் கோயில் கமிட்டியும் தேத்தண்ணிச் செலவைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆசிரியர்களான நாங்களும் உள்ளே இருக்கக் கூடாது. எங்களைக் கண்டால் பாடம் நடத்த வந்துவிட்டார்கள் என்று எழும்பிப் போய்விடுவார்கள். குடித்து, விட்டவர்தான் அங்கே பேச வேண்டும்.

ஏற்கனவே ஊவாவில் எங்கேயாவது தமிழில் அப்படி ஒரு குழு கூடுகிறது என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள், புதிதாக ஒன்று தேவையில்லை. இல்லையென்றால், விட்டு ஒரு வருடம் தாண்டிய இரண்டு பேர் வேண்டும். தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, தமிழ் பேசத் தெரிந்தால் சரி. கமென்டில் யாருடைய பெயரையும் போடாதீர்கள், டெக் பண்ணவும் வேண்டாம். இன்பொக்ஸில் எழுதுங்கள். அறை தேடுகிற வேலை எங்களுடையது.